பட்டாபிராமனின் கங்கை மண்

பட்டாபிராமனுக்குத் தெரியாதது என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. பவானிபூரில் டிராம் ஏறினால் ஆபீஸ் வாசலில் இறங்குவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வங்காளி பாபுவுக்கு ஹில்ஸா மீனில் முள் எடுக்கும் முறையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிடுவார். மீனை அவர் தொட்டது கிடையாது. மீன்கூடை எதிரே வந்தால் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையின் மறுபக்கம் போகிறவர். ஆனாலும் முள்ளைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இருக்கிற அபிப்பிராயத்தைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஊர் கும்பகோணத்துப் பக்கம். கல்கத்தாவுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பெரிய குமாஸ்தா. இங்கிலீஷில் கடிதம் எழுதுவதில் சூரர் என்று பெயர். அந்தப் பெயரை முதலில் சொன்னவரும் அவரே. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் சிவப்பு மசியால் திருத்தாமல் கீழே வைக்க மாட்டார். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்தம் என்றைக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் பேனாவை எடுப்பார்.

அவர் மனைவி நாகலக்ஷ்மி அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசுவதற்கு அந்த வீட்டில் இடமும் இல்லை. திருச்சியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரையில் தமிழும் இங்கிலீஷும் படித்தவள். கல்யாணமான புதிதில், புருஷன் மேஜைமேல் வைத்திருந்த இங்கிலீஷ் பத்திரிகையை ஒரு தரம் எடுத்துப் பார்த்தாள். "படமெல்லாம் நன்னாயிருக்கா?" என்று கேட்டார் பட்டாபிராமன். அதற்கப்புறம் அவர் எதிரில் அவள் எதையும் படித்ததில்லை. தெருவில் போகிற டிராமின் சத்தம் நாளாக ஆகக் காதில் விழாமல் போய்விடுகிற மாதிரி, அவருடைய பேச்சும் அவளுக்குப் பழகிப்போயிற்று.

அந்த வருஷம் பட்டாபிராமனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சூபரின்டென்டென்ட் ஹால்தார் பாபு செப்டம்பரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகப் போகிறார். அந்த நாற்காலி தமக்கு வர வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றவர் அடுத்த செக்ஷனில் இருந்த வைத்தீஸ்வரன் ஒருவர்தான்.

"அவனா? துரை எதிரே போய் நின்னா 'எஸ் ஸார்', 'நோ ஸார்' ரெண்டுதான் வாயிலே வரும். ரெண்டு வார்த்தையை வெச்சுண்டு ஒருத்தன் ஆபீஸை நடத்த முடியுமோ?" என்று தினமும் இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்பார். நாகலக்ஷ்மி மோர் ஊற்றுவாள்.

நாற்காலியைக் கொடுக்க வேண்டியவர் ஹார்ட்லி துரை. அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. கிளப்பில் ஒரு சணல் கம்பெனித் துரை ஆர்க்கிட் செடி வளர்த்துப் பூக்கவைத்துப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். ஹார்ட்லி துரைக்குப் பொறுக்கவில்லை. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்திலிருந்த சிநேகிதருக்கு எழுதி, ஒரு பெரிய பெட்டி நிறைய நாற்பதுக்கு மேல் செடிகளை வரவழைத்து, அலிப்பூர் பங்களாவின் வராந்தாவில் வரிசையாகத் தொங்கவிட்டார். செடியில் எது இலை, எது வேர் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதிலும் சில சமயம் சந்தேகம் வரும். கிறிஸ்துமஸுக்குக் குமாஸ்தாக்கள் பழக்கூடையோடு சலாம் வைக்கப் போனபோது, "உங்களில் யாருக்காவது செடி வளர்க்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நோ ஸார்" என்றார் வைத்தீஸ்வரன்.

பட்டாபிராமன் ஓரடி முன்னால் வந்து, தம் குடும்பத்தில் ஏழு தலைமுறையாகச் செடி கொடிகளை வளர்ப்பதே மூச்சாக இருந்து வருகிறது என்றார். அவர் அதுவரையில் வளர்த்தது குடுமி ஒன்றுதான்.

துரை மூன்று கூடைகளை இறக்கிக் கொடுக்கச் சொன்னார். தேயிலைத் தோட்டக்காரர் எழுதியனுப்பிய குறிப்புக் காகிதத்தையும், தாம் பிரித்துப் பார்க்காமலே, கூடவே கொடுத்தார். கோடைக்குள் ஒன்றையாவது பூக்கவைத்துக் காட்டினால், பொறுப்பான வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பது தமக்குத் தெரிந்துபோகும் என்று சொல்லித் தோளில் தட்டினார். பட்டாபிராமன் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஸ்நானம் பண்ணி அந்தத் தோளின் தீட்டைக் கழுவினார். ஆனாலும் அடுத்த ஒரு வாரத்துக்கு அந்தத் தோள் மற்றதைவிடச் சற்று உயர்ந்தே இருந்தது.

மரக்குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கூடை. உள்ளே கரித்துண்டும் தேங்காய் நாரும். அதன்மேல் தோல்பட்டை மாதிரி தடித்த இலைகளோடு ஒரு செடி. வேர்கள் எல்லாம் கூடைக்கு வெளியே, வெள்ளைப் புழுக்களைப் போல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதென்ன, வேரெல்லாம் வெளியிலே தொங்கறதே?" என்றாள் நாகலக்ஷ்மி.

"வெள்ளைக்காரா வீட்டிலே எதுக்குத்தான் ஒழுங்கு இருக்கு? கரியைப் போட்டு வெச்சிருக்கான் பாரு. கரியோ, சுட்ட எலும்போ, யார் கண்டா?"

அந்தச் சந்தேகம் வந்த பிறகு செடி எப்படி வீட்டுக்குள் வர முடியும்? மாட்டு மாமிசம் சமைக்கிற வீட்டிலிருந்து வந்த கூடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாபிராமன் தாமே 'பாபு காட்' என்கிற கங்கைப் படித்துறைக்குப் போய், ஸ்நானம் பண்ணி, ஒரு குடம் கங்கை மண் எடுத்துக் கூலியாளின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடையையும் கரியையும் நாரையும் தெருவில் எறிந்தார். மூன்று செடிகளுக்கும் கங்கை ஜலம் தெளித்தார். மூன்று மண் தொட்டிகளில் வழவழவென்ற அந்தக் கறுப்புச் சேற்றை நிரப்பி, வெளியே தொங்கின வேர்களை எல்லாம் மடக்கி உள்ளே விட்டு, கட்டை விரலால் அழுத்தினார். மேலே சாணியை ஒரு பூச்சுப் பூசினார். மூன்றாவது தொட்டிக்கு மண் போதவில்லை. அதில் பாதி வேர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து துளசிக்கு நடக்கிற உபசாரமெல்லாம் அவற்றுக்கும் நடந்தது. காலையில் சந்தி பண்ணினதும் ஆளுக்கு ஒரு சொம்பு ஜலம், சாயங்காலம் ஒரு சொம்பு. மத்தியானம் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவது நாகலக்ஷ்மியின் வேலை. மாடியில் நல்ல வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்துத் தொட்டிகளை வைத்திருந்தார்.

குறிப்புக் காகிதத்தை அவர் படிக்காமல் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, சிவப்பு மசிப் பேனாவும் கையுமாகப் படித்தார்.

"எழுதினவன் அரைகுறை. 'மண்ணில் வைக்கக் கூடாது'ங்கறான். மண்ணில்லாம ஒரு செடியா? 'மண்ணில்லாமல் வைக்கக் கூடாது'ன்னு எழுத வந்தவன், கை தவறி இப்படி எழுதிட்டான்" என்று திருத்தி, ஓரத்தில் தம் கையெழுத்தின் முதல் எழுத்துகளையும் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் அவர் ஆபீஸுக்குப் போனபின் நாகலக்ஷ்மி அதை எடுத்துப் படித்தாள். சிவப்பு மசியை விட்டுவிட்டு, அடியில் இருந்த கறுப்பு எழுத்தை மட்டும் படித்தாள். இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்கிற செடி. இதன் வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டி அழுகிவிடும். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. தண்ணீர் காலையில் மட்டும். வேர் நனைந்திருந்தால் பச்சையாக இருக்கும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். வெள்ளி நிறம் வந்தபிறகுதான் மறுபடி நனைக்க வேண்டும். குளிர்காலத்தில் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். இலைகளின் இடுக்கில் தண்ணீர் தேங்கக் கூடாது. இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தைவிட எளிதாக இருந்தது.

சாயங்காலம், "தண்ணி கொஞ்சம் அதிகமோன்னு தோணறது" என்றாள்.

"தோணறதா?" என்று சிரித்தார் பட்டாபிராமன். "குழம்புலே புளி அதிகமான்னு பாரு. அதுலே உனக்குத் தோணினா நான் கேட்டுக்கறேன்."

பிப்ரவரி பாதியில் முதல் செடியின் இலைகள் மஞ்சளாயின. ஒரு நாள் காலையில் இலையைப் பிடித்துத் தூக்கினார். வேகவைத்த வாழைத்தண்டு மாதிரி அது கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று அழுகல் நாற்றம். நாலாம் நாள் இரண்டாவதும் போயிற்று. மூன்று நாள் டிராமில் யாருக்கும் அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இலையில் உட்கார்ந்தால் வைத்தீஸ்வரன் பேச்சும் இல்லை. 'ஒன்றையாவது' என்று துரை சொன்னதை நினைத்துப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

நாலாவது நாள் தெளிந்துவிட்டார். "சீக்குச் செடியாப் பொறுக்கிக் குடுத்திருக்கான். அந்த மூணாவதையும் தூக்கி எறி. துரை கேட்டா எலி கடிச்சுடுத்துன்னு சொல்லிக்கறேன்" என்றார். அப்புறம் மாடிப் பக்கமே போகவில்லை.

நாகலக்ஷ்மி மூன்றாவது தொட்டியைக் கவிழ்த்தாள். மண்ணுக்குள் இருந்த வேர் எல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த நாலைந்து வேர்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. அழுகினதை அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு மேஜோ பௌதி ஊறுகாய் உலர்த்த மாடிக்கு வந்தாள். வீட்டுக்காரரின் இரண்டாவது மருமகள், வாய் ஓயாதவள்.

"ஓ மா! இது பரகாச்சா இல்லையா? மரத்துமேலே தொத்திண்டு வளருமே?" என்றாள் வங்காளியில். "எங்கப்பா ஊரிலே மாமரத்துக்கு மாமரம் தொங்கும். ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. இதையா உங்க பாபு தொட்டியிலே வெச்சுக் கும்பிட்டுண்டிருந்தார்?"

"துரை குடுத்தது" என்றாள் நாகலக்ஷ்மி.

"துரை குடுத்தா மரத்துச் செடி மண்ணுச் செடியா ஆயிடுமா, அக்கா?"

நாகலக்ஷ்மிக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. தேங்காய் மட்டை ஒன்றைப் பிளந்து, செடியை அதன்மேல் வைத்து வாழைநாரால் கட்டினாள். எங்கே தொங்கவிடுவது என்பதற்கு மட்டும் சற்று யோசித்தாள். பட்டாபிராமனின் கை எட்டாத இடமாக இருக்க வேண்டும். மறுபடி அவருக்கு ஏதாவது தெரிந்துவிட்டால் செடி பிழைக்காது.

குளிக்கிற அறைக்கு வெளியே, கிழக்கு ஜன்னலை ஒட்டின நடையில், கூரையிலிருந்து மடிக்கொடி தொங்கியது. நனைத்துப் பிழிந்த மடிப்புடவையைக் கோலால் தூக்கிப் போட்டு உலர்த்துகிற மூங்கில். குளிக்காதவர்கள் யாரும் அதன்கீழ் நிற்கக்கூட மாட்டார்கள். பட்டாபிராமனின் மடிவேஷ்டி ஒரு முனையில். அவளுடைய ஒன்பது கஜம் மறு முனையில். அவளுடைய முனையின் கோடியில் தேங்காய் மட்டை தொங்கிற்று. தம் வேஷ்டி தொங்குகிற முனையைத் தவிர மறு முனையைப் பட்டாபிராமன் நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

அந்த மடிக்கொடியைவிட நல்ல தோட்டக்காரன் கல்கத்தாவில் அந்தச் செடிக்குக் கிடைத்திருக்க முடியாது. ஜன்னல் வழியாகக் காலை வெளிச்சம் வரும். பத்து மணிக்குமேல் எதிர்வீட்டுச் சுவர் வெயிலை மறைத்துவிடும். நாள் முழுவதும் காற்று. வேர் வெள்ளி நிறமாக இருக்கிற நாளில், புடவையைச் செடிக்கு மேலே தள்ளிப் போடுவாள். சொட்டுச் சொட்டாக வேர்மேல் விழும். பச்சை மாறாமல் இருந்தால் புடவையை இந்தப் பக்கம் இழுத்துவிடுவாள். மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்துபோகும். மார்ச் மாதத்தில் புதிதாக ஒரு வேரின் நுனி, பச்சை மொச்சை மாதிரி, பளபளவென்று எட்டிப் பார்த்தது. ஏப்ரலில் இலையிடுக்கிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி இறங்கியது. மே பிறந்ததும், நரிவாலைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, வெள்ளையும் ரோஜா நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து ஒரு சரம் பூத்தது.

ஒரு நாள் காலையில் வேஷ்டி எடுக்க வந்த பட்டாபிராமன் கோலைத் தூக்கின கையோடு நின்றுவிட்டார்.

"இது நம்ம செடியோன்னோ?"

"ஆமாம். மண்ணிலே வேர் அழுகிப்போயிருந்தது. நறுக்கிட்டு மட்டையிலே கட்டினேன்."

பட்டாபிராமன் வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஞானம் படர்ந்தது.

"பார்த்தியா? ரெண்டு மாசம் கங்கை மண்ணிலே இருந்துதே, அந்தப் பலம்! உள்ளே ஏறின சத்து இப்போ பூவா வெளியிலே வரது."

நாகலக்ஷ்மி அவர் முகத்தையே பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகமாகக்கூட இருந்தது. இல்லை. பரம சிரத்தையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே செடி அலிப்பூருக்குப் போயிற்று. துரை வராந்தாவில் தொங்கின நாற்பதில் ஒன்றும் பூக்கவில்லை. வடக்கு வராந்தா, இருட்டு. ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன. துரை பூச்சரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டார். பட்டாபிராமன் அரை மணி நேரம் பதில் சொன்னார். சுருக்கம் இதுதான்: இரண்டு மாதம் கங்கை மண்ணில் வைத்து, அப்புறம் எடுத்துத் தொங்கவிட வேண்டும். செத்துப்போன இரண்டு செடிகளைப் பற்றி, துரை கேட்காததால், அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் வந்துவிட்டது.

"நாற்பதையும் மண்ணிலே வெக்கப் போறோம்! துரை என்னையே மேற்பார்வை பார்க்கச் சொல்லிட்டார். பாபு காட் படித்துறையிலேர்ந்து மாட்டு வண்டியிலே மண் வரப்போறது. ஹால்தார் நாற்காலி இனிமே எங்கேயும் போகாது."

"வேண்டாம்" என்றாள் நாகலக்ஷ்மி.

பட்டாபிராமன் கோட்டுப் பொத்தானில் வைத்த கையை எடுக்கவில்லை. "என்ன?"

"நாற்பதும் செத்துடும். மூணுலே ரெண்டு செத்துதே. இதுவும் வெளியிலே இருந்த வேராலேதான் பிழைச்சுது. மழைக்காலம் வேறே வரது. அந்தக் காகிதத்திலே மண்ணே ஆகாதுன்னு போட்டிருக்கு. நான் படிச்சேன்."

"நீ படிச்சே!"

"படிச்சேன். அதை அப்படியே துரைகிட்டே குடுங்கோ. நன்னா வளர்ந்தா உங்களுக்குத்தானே பேர்?"

"நான் திருத்தின காகிதத்தை நான் கொண்டுபோய்க் குடுக்கறதா? நான் காலம்பர ஒண்ணு சொல்லிட்டு சாயங்காலம் வேறே சொன்னா, துரை என்னைப் பத்தி என்ன நினைப்பான்? போ, போய்க் காபியைக் கொண்டா."

நாகலக்ஷ்மி காபி கலக்கப் போனாள். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த இடத்தில் நின்றுகொள்வது அவளுக்குப் பதினொரு வருஷத்துப் பழக்கம். "அது பூத்த செடி, அதையாவது திருப்பிக் கொண்டுவந்துடுங்கோ" என்று மட்டும் காபியை வைக்கும்போது கேட்டாள்.

"அதையா? அதுக்குத்தான் முதல்லே மண்ணு. ராசியான செடி. வண்டி வரதுக்கு முன்னாடியே ஒரு தொட்டி மண் வரவழைச்சு, என் கையாலேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

அந்தப் பூச்சரம் இன்னும் வாடவில்லை என்பது நாகலக்ஷ்மிக்குத் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் காலை வேளைகளில் பட்டாபிராமன் அலிப்பூர் வராந்தாவில் நின்று கை நீட்டிக் கட்டளை இட்டார். துரை வீட்டு ஒரியாத் தோட்டக்காரன் முதல் நாள் செடியையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துரையிடம் போய் ஏதோ முறையிட்டான். துரை அவனை அதட்டி அனுப்பினார். எத்தனை வருஷம் தோட்டத்தில் வேலை பார்த்தால் என்ன, அவன் ஒரு பூவையாவது காட்டினானா? மதராஸி பாபு காட்டியிருக்கிறாரே! தோட்டக்காரன் அதற்கப்புறம் மண்ணைப் போடச் சொன்னால் போட்டான், தண்ணீரை ஊற்றச் சொன்னால் ஊற்றினான். கல்கத்தா முழுவதிலும் நாகலக்ஷ்மியைப் போலவே அதன் முடிவு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஜூலை முடிவதற்குள் அலிப்பூர் வராந்தாவில் யாரும் உட்கார முடியாதபடி நாற்றம். ஆகஸ்டில், துரையின் பூவைப் பார்ப்பதற்கென்று சணல் கம்பெனித் துரை தம் மனைவியோடு தேநீருக்கு வந்தார். நாற்பது தொட்டிகளில் நாற்பது சேற்றுக் குழிகள் இருந்தன. வந்தவரின் மனைவி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "இங்கே என்ன, நெல் பயிரிடுகிறீர்களா?" என்று கேட்டாளாம். மறுநாளே அது கிளப்பிலும், அதற்கு மறுநாள் ஆபீஸிலும் பரவிவிட்டது.

ஹார்ட்லி துரை பட்டாபிராமனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அதற்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதமே தயார் பண்ணி வைத்திருந்தார். பாபு காட் படித்துறை மண்ணுக்குப் பதிலாக வண்டிக்காரன் வேறு ஏதோ குட்டை மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டான் என்பது அதன் சாரம். துரை அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை. செப்டம்பர் முதல் தேதி ஆபீஸில் ஆர்டர் சுற்றுக்கு வந்தது. சூபரின்டென்டென்ட் வைத்தீஸ்வரன். அவரைக் கூப்பிட்டு, பொறுப்பை ஏற்றுக்கொள்கிறாயா என்று துரை கேட்டபோது அவர் "எஸ் ஸார்" என்றாராம்.

அன்று பட்டாபிராமன் டிராமில் ஏறாமல் மைதானம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நாகலக்ஷ்மிக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இலையைப் போட்டு, "கை கால் அலம்பிண்டு வாங்கோ" என்றாள். அவருடைய முகத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

இரண்டு கவளம் உள்ளே போனதும் அவர் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் உன்னாலே வந்தது."

"என்னாலேயா?"

"நாற்பதும் செத்துடும்னு உனக்குத் தெரிஞ்சிருந்துதோல்லியோ? ஏன் சொல்லல்லே?"

"சொன்னேனே."

"சொன்னே. யார் இல்லேங்கறா? ஏதோ போற போக்குலே சொன்னே. அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமோ? கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்க வேண்டாமோ?"

நாகலக்ஷ்மி ரசத்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அழுத்திச் சொல்லியிருந்தா, அதையும் நீங்களே கண்டுபிடிச்சதாத்தானே துரைகிட்டே போய்ச் சொல்லியிருப்பேள்?"

பட்டாபிராமன் கோபித்துக்கொள்ளவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே, ஒரு கணக்கு சரியா என்று பார்க்கிறவர் மாதிரி யோசித்தார்.

"சொல்லியிருப்பேன். பின்னே? அப்படிச் சொல்லியிருந்தா இன்னிக்கு அந்த நாற்காலி எனக்குக் கிடைச்சிருக்குமே!" என்றார், மனப்பூர்வமான வருத்தத்தோடு. "அது உனக்கு அப்போ தோணல்லே, பார்."